ஆழித்தேரும் கால் மாத்திரையும்: பதற்ற மருந்தை மெல்லக் குறைப்பது ஏன், எப்படி

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு வீட்டில், பெரியவர் ஒருவர் பல ஆண்டுகளாக இரவில் ஒரு சிறு மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுக்கிறார் என்பது வெளியே தெரிந்துவிட்டால், அவருக்கு இரண்டு விதமான யோசனைகள் வந்து சேரும். "நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள், தானாக விட்டுப்போகும்" என்பார்கள் சிலர். "அதைத் தொட்டவர்கள் விட்டதே இல்லை, இனி ஆயுசுக்கும் அதுதான்" என்பார்கள் வேறு சிலர். முதல் யோசனை ஆபத்தானது, இரண்டாவது உண்மையில்லாதது. மாத்திரையை விடுவதை மன உறுதிக்கு வைத்த பரீட்சையாக எண்ணுவதால்தான் இரண்டுமே பிறக்கின்றன. எவ்வளவு விரைவாக விட முடியும் என்பதை ஒருவருடைய வைராக்கியம் தீர்மானிப்பதில்லை. மருந்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்ட நரம்பணுக்கள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம்தான் அதைத் தீர்மானிக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே மாத்திரையை நறுக்கத் தொடங்க வேண்டாம். மருத்துவரிடம் போய் உட்காரும்போது அவர் சொல்வது புரிய வேண்டும், கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதப்படும் விளக்கம் இது.

எந்த மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம்?

நம் பக்கத்தில் "நரம்பு மாத்திரை", "தூக்க மாத்திரை", "டென்ஷன் மாத்திரை", "படபடப்பு மாத்திரை" என்று பல பெயர்களில் வழங்குபவற்றில் பெரும்பாலானவை பென்சோடையசெபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அல்பிரசோலம், குளோனசெபம், லோரசெபம், டயசெபம், குளோர்டையசெபாக்சைடு ஆகியவை அக்குடும்பத்தில் அடிக்கடி காணப்படும் பெயர்கள். எட்டிசோலம் வேதி அமைப்பில் சற்றே வேறுபட்டாலும் வேலை செய்யும் விதத்தில் இவற்றின் பங்காளிதான். மாத்திரை அட்டையின் பின்புறத்தில், நிறுவனம் வைத்த பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இந்தப் பெயர் இருக்கும்; முதலில் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் கண்டறிந்த குளோர்டையசெபாக்சைடு 1960-இலும், டயசெபம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பு புழக்கத்தில் இருந்த பார்பிட்டுரேட் மருந்துகள் அளவு மீறினால் எளிதில் உயிரைப் பறிக்கக்கூடியவை என்பதால், புதியவற்றுக்குப் பெரிய வரவேற்பு இருந்தது. நீண்ட நாள் பயன்பாட்டின் சிக்கல் பின்னரே தெளிவாயிற்று. 1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, இவற்றை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 2020-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இக்குடும்பத்து மருந்துகள் அனைத்திலும் உடல் சார்பு (உடல் மருந்தைச் சார்ந்துவிடுவது), விலகல் விளைவுகள் (மருந்து குறையும்போது வரும் தொல்லைகள்) ஆகியவை குறித்துக் கட்டம் கட்டிய எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்றது. இவ்வளவையும் வைத்து இவை கெட்ட மருந்துகள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நிற்காத வலிப்பை நிறுத்துவதற்கும், குடியை விடுபவரைக் காப்பாற்றுவதற்கும் இன்றும் இவற்றையே மருத்துவர்கள் நாடுகிறார்கள். வலிப்பு நோய்க்காகக் குளோனசெபம் எடுப்பவர்களின் நிலைமை முற்றிலும் வேறு; இக்கட்டுரை அவர்களுக்கானது அன்று.

தேரும் முட்டுக்கட்டையும்

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு அடுத்து வருவது எளிதாகப் புரியும். அலங்காரத்துடன் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் அந்தத் தேரை வடம் பிடித்து இழுப்பவர்கள் ஒரு பக்கம். சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை கொடுத்து அதன் ஓட்டத்தை அடக்குபவர்கள் மறு பக்கம். (திருச்சி பெல் நிறுவனம் பொருத்திக் கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் முட்டுக்கட்டையின் மரியாதை குறையவில்லை.) இந்த இரண்டு தரப்பும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் தேர் வீதியில் சீராக நகரும்.

மூளையிலும் இப்படி இரண்டு தரப்பு உண்டு. நரம்பணுக்களைத் தூண்டிவிடும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வடம் இழுப்பது. அவற்றை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் முட்டுக்கட்டை போடுவது. பதற்ற நோயில் தேர் தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பென்சோடையசெபைன் மாத்திரை செய்வதெல்லாம், போடப்படும் ஒவ்வொரு முட்டுக்கட்டையையும் தடிமனாக்குவதுதான். தேர் உடனே நிதானத்துக்கு வருகிறது, படபடப்பு அடங்குகிறது, தூக்கம் வருகிறது. முதல் சில வாரங்களில் இந்த மாத்திரை அமுதமாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

ஆனால் மாதக்கணக்கில் தடித்த கட்டைகளே விழுந்துகொண்டிருந்தால் மூளை சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. தேர் நகர வேண்டுமே! ஆகவே முட்டுக்கட்டை போடும் ஆட்களில் சிலரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. வடம் பிடிக்க மேலும் ஆட்களைச் சேர்த்துக்கொள்கிறது. இப்போது தடித்த கட்டையோடும் தேர் பழைய வேகத்திலேயே ஓடுகிறது. முன்பு கிடைத்த அமைதி அதே மாத்திரையில் கிடைப்பதில்லை. இதற்குத் தாங்குதிறன் என்று பெயர்.

இந்த நிலையில் ஒரே இரவில் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும்? கட்டைகள் மெலிந்துவிட்டன, கட்டை போடும் ஆட்களும் குறைவு, வடத்திலோ கூட்டம் நெரிகிறது. தேர் தறிகெட்டு ஓடும். கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, பல இரவுகள் தொடர்ந்து தூக்கமின்மை, கடுமையான நிலையில் வலிப்பு, புத்தி தடுமாற்றம் எனப் பலவாறாக அந்த ஓட்டம் வெளிப்படும். அரிதாக உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. நோயே தலைகாட்டாத உடம்பிலும் இது நேரும். எட்டு ஆண்டு மாத்திரை எடுத்த மிகத் திடமான மனிதருக்கும் நேரும்.

கட்டையைச் சிறிது சிறிதாக மெலியவிட்டால், வீட்டுக்குப் போன ஆட்கள் திரும்பி வரவும், வடத்தில் கூடுதலாக நின்றவர்கள் கலைந்து போகவும் அவகாசம் கிடைக்கும். படிப்படிக் குறைப்பு என்பதன் பொருள் இவ்வளவே.

உவமையை விட்டு உண்மைக்கு

நரம்பணுவின் மேற்பரப்பில், குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து பொருந்துவதற்கென்று அமைந்த புரதங்கள் உள்ளன. இவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். காபா தனக்குரிய ஏற்பியில் பொருந்தும்போது ஒரு சிறு வாயில் திறந்து, குளோரைடு அயனிகள் அணுவுக்குள் நுழைகின்றன. அந்த அணு எளிதில் தூண்டப்படாத நிலையை அடைகிறது. பென்சோடையசெபைன் அதே ஏற்பியில் வேறோர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அது வாயிலைத் தானே திறப்பதில்லை. காபா வந்து தட்டும்போது வாயில் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காபாவின் குரலைப் பெரிதாக்கும் ஒலிபெருக்கி என்று சொன்னாலும் பொருந்தும். ஒலிபெருக்கி நாள்தோறும் முழங்கினால், ஏற்பிகளின் செவி மந்தமாகிவிடுகிறது. தூண்டும் தரப்பும் வலுவடைகிறது. செவி மீண்டும் கூர்மையாக வாரங்களோ மாதங்களோ ஆகும்.

சுருங்கச் சொன்னால், மாத்திரை அமைதியைப் பெருக்குகிறது. மூளை அதற்கு எதிராகத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மாத்திரை திடீரென்று போனால் அந்தத் திருத்தம் மட்டும் தனித்து நின்று ஆட்டிப்படைக்கிறது.

சார்பு வேறு, அடிமைத்தனம் வேறு

"மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்" என்று கூனிக்குறுகிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் அடிமைகள் அல்லர். மருத்துவர் எழுதிய அளவை மீறாமல் எடுத்து, மருந்து நின்றால் மட்டும் உடல் எதிர்வினை காட்டுவது உடல் சார்பு. சொன்ன முறையில் நீண்ட நாள் எடுத்த எவருக்கும் இது வரலாம். தீங்கு விளைகிறது என்று தெரிந்தும் தேடித் தேடி அளவைக் கூட்டிக்கொண்டே போவது அடிமைத்தனம். இரண்டாவதற்கு வேறு சிகிச்சை தேவை. முதலாவதற்குத் தேவை காலமும் கணக்கும் மட்டுமே. இந்த வேறுபாடு தெரியாததால் எத்தனை பேர் வெட்கப்பட்டு, வீட்டாருக்குத் தெரியாமல் ஒரே நாளில் அட்டையைக் குப்பையில் எறிந்து, மூன்றாம் நாள் நடுங்கிப்போய் ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகிறார்கள் என்பதை எண்ணினால், ஒரு சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவதுகூட ஒரு சிகிச்சையாகவே படுகிறது.

இன்னொரு குழப்பமும் இதோடு ஒட்டியது. நிறுத்தியதும் பதற்றம் வந்தால், "பார், நோய் அப்படியே இருக்கிறது, மாத்திரை இல்லாமல் முடியாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மருந்து குறைந்ததால் தோன்றுபவை விலகல் அறிகுறிகள். இவை அளவைக் குறைத்த சில நாள்களுக்குள் கிளம்பி, அலைபோல் உயர்ந்து, பெரும்பாலும் மெல்லத் தணியும். வெளிச்சமும் ஓசையும் சகிக்காமை, தசைத் துடிப்பு, தோலில் ஊர்வது போன்ற உணர்வு என, நோயிருந்த காலத்தில் இல்லாத புதிய தொல்லைகள் கூடவே வந்தால் பெரும்பாலும் அது விலகல்தான். பழைய நோயின் மீள்வரவோ வாரங்கள் கழித்து, பழைய முகத்தோடேயே, மெல்ல மெல்லத் தலைதூக்கும். எல்லா நேரத்திலும் இவ்வளவு துல்லியமாகப் பிரித்தறிய முடியாது. அதற்காகத்தான் தேதி போட்டு ஒரு குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள்.

மணல் நிலம், களி நிலம்

ஒரே நாளில் தண்ணீர் பாய்ச்சினாலும், வேதாரண்யம் பக்கத்து மணலில் அது நிற்பதில்லை. பழைய டெல்டாவின் களிமண் வயலில் நாள்கணக்கில் நிற்கும். மருந்துகளும் அப்படியே. உடலில் உள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைவதற்கு ஆகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். எட்டிசோலம் சில மணி நேரத்திலேயே வடிந்துவிடுகிறது. அல்பிரசோலத்துக்கு அது பலரிடம் 11 மணி நேரத்தை ஒட்டி அமைகிறது. குளோனசெபத்துக்கு 30 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். டயசெபமோ உடலில் சிதைந்து உருவாக்கும் துணைப்பொருள்களும் வேலை செய்வதால் பல நாள்கள் தங்குகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. விரைவாக வடியும் மருந்தை நிறுத்தினால் ஓரிரு நாள்களிலேயே தொல்லை தொடங்கும். மெதுவாக வடிவதை நிறுத்தினால் நான்கைந்து நாள் ஒன்றும் தெரியாது, "பார்த்தாயா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடங்கும். இரண்டாவது உண்மை, "ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு" என்று ஊரெங்கும் வழங்கும் யோசனையைப் பற்றியது. மணல் நிலத்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் விட்டால் பயிர் நாள்தோறும் வாடி வாடி எழும். அல்பிரசோலம் போன்றவற்றை அப்படி எடுப்பது மூளைக்கு நாள்தோறும் ஒரு குட்டி விலகலை உண்டாக்குவதாகும். ஒவ்வொரு நாளும் வழக்கமான நேரத்தில், ஆனால் சற்றே குறைந்த அளவு என்பதே சரியான முறை.

சில மருத்துவர்கள் விரைவாக வடியும் மருந்தை முதலில் டயசெபத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு அதைக் குறைப்பதும் இதனால்தான். 1982 முதல் 1994 வரை இங்கிலாந்தின் நியூகாசிலில், இம்மருந்துகளை விட விரும்புவோருக்கான விலகல் மருத்துவமனை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் கையாண்ட வழி இது. எல்லோருக்கும் இது தேவைப்படுவதில்லை. கல்லீரல் தளர்ந்த முதியவர்களுக்கு நெடுநேரம் தங்கும் டயசெபமே தொல்லையாகலாம். மேலும் மில்லிகிராம் கணக்கு ஏமாற்றக்கூடியது. "அரை மில்லிதானே" என்று நாம் அலட்சியமாகச் சொல்லும் அல்பிரசோலம், ஆஷ்டனின் ஒப்பீட்டுப் பட்டியலின்படி 10 மில்லிகிராம் டயசெபத்துக்குச் சமம். வேறு பட்டியல்கள் வேறு எண்ணைத் தரும். ஆகவே மாற்றுவதை வீட்டில் கணக்குப் போட்டுச் செய்யக் கூடாது.

கடைமடையில்தான் சிக்கல்

எவ்வளவு வேகத்தில் குறைப்பது? அமெரிக்காவின் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அப்போது எடுக்கும் அளவில் 5 முதல் 10 விழுக்காட்டை, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குறைத்துத் தொடங்கலாம் என்றும், இரண்டு வாரத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. "அப்போது எடுக்கும் அளவில்" என்ற சொற்களில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்றை நான்காக நறுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு கால் துண்டைக் குறைப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு எல்லாப் படியும் சமம். முதல் படியில் 0.5 என்பது 0.375 ஆகிறது, 25 விழுக்காடு குறைந்தது. இரண்டாவது படியில் 0.375 என்பது 0.25 ஆகிறது, 33 விழுக்காடு. மூன்றாவது படியில் 0.25 என்பது 0.125, பாதி போய்விட்டது. கடைசிப் படியில் 0.125 என்பது பூஜ்யம், நூறு விழுக்காடு! கையில் எடுத்த துண்டு ஒன்றுதான், மூளைக்கு விழும் அடி ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போகிறது. கார்த்திகை இரவில் பத்து அகல் எரியும் திண்ணையில் ஒன்றை அணைத்தால் யாருக்கும் தெரியாது. கடைசி ஒன்றை அணைத்தால் இருட்டு. ஏற்பிகளும் அப்படித்தான் உணர்கின்றன.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டிப் பாதி தூரம் வருவதில் பெரிய வழக்கு ஏதும் இருப்பதில்லை. வாய்க்கால் முனையில் கடைமடைக்காரர்தான் தவிப்பார் என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். மருந்துக் குறைப்பிலும் முதல் பாதி சரசரவென்று போய்விடும். அந்தத் துணிச்சலில் கடைசிக் கால் மாத்திரையைத் தூக்கி எறிந்தவர்கள்தாம் அதிகமாக மாட்டிக்கொள்கிறார்கள். அளவு சிறிதாகும்போது படியும் சிறிதாக வேண்டும், இடைவெளி நீள வேண்டும். தொல்லை மிகுந்தால் ஒரு படியிலேயே சில வாரம் நின்றுகொள்வதில் தோல்வி ஏதுமில்லை. பல ஆண்டுகள் எடுத்தவருக்கு முழுக் குறைப்பும் முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், நெடுநாளாக இம்மருந்தை எடுத்துவந்த 303 முதியவர்களில் ஒரு பகுதியினருக்கு, மருந்தின் தீமைகளையும் படிப்படிக் குறைப்பு அட்டவணையையும் விளக்கும் சிறு கையேடு தரப்பட்டது. 2014-இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் கையேடு பெற்றவர்களில் 27 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 5 விழுக்காட்டினரும் மருந்தை முழுமையாக விட்டிருந்தார்கள்.

நம் ஊர் அட்டைகளில் உள்ள பொறிகள்

இங்கே விற்கும் மாத்திரைகளில் பல கூட்டு மாத்திரைகள். எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபமும் ஒரே மாத்திரையில் இருக்கும். நெஞ்சுப் படபடப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் இக்குடும்பத்து மருந்தொன்றோடு சேர்ந்திருக்கும். அதைப் பாதியாக உடைத்தால் இரண்டு மருந்தும் ஒருசேரப் பாதியாகிவிடும். எஸ்சிட்டலோபிராம் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்குமான அடிப்படை மருந்து. அது குறைந்தால் நோயே திரும்பக்கூடும். புரோப்ரனலாலைத் திடீரென்று விட்டால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறலாம். எனவே முதல் வேலை, மருத்துவரிடம் சொல்லிக் கூட்டு மாத்திரையைத் தனித்தனி மாத்திரைகளாகப் பிரித்து எழுதி வாங்குவது.

பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று போட்டிருந்தால் அது மெதுவாகக் கரைவதற்கென்றே செய்த மாத்திரை. அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து அளந்து குடிக்கலாம் என்பாரும் உண்டு. இம்மருந்துகள் தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. தூள் அடியில் படியும், முதல் மடக்கில் குறைவும் கடைசி மடக்கில் கூடுதலுமாகப் போய்ச் சேரும். அருவாமனையில் நறுக்கி நொறுக்குவதைவிட, மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டி மேலானது.

காசநோய்க்கான ரிஃபாம்பிசின், அல்பிரசோலம் போன்றவற்றைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி செய்துவிடும். அந்தச் சிகிச்சை தொடங்கியவருக்கு, மாத்திரை அளவு மாறாமலே விலகல் அறிகுறி வரலாம். ஆகையால் வேறு எந்த நோய்க்குப் போனாலும் இந்த மாத்திரையை மறைக்கக் கூடாது.

மருந்துக்கடைக்காரர் சீட்டில்லாமல் தர மறுத்தால் அவரோடு சண்டை வேண்டாம். அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம் ஆகியவை 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் இருப்பவை. வாங்கியவர், எழுதிய மருத்துவர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

குறைக்கும் காலத்தில்

அறுவடை, திருமணம், வீடு மாற்றம், துக்கம் ஆகியவற்றின் நடுவே தொடங்காமல் இருப்பது நல்லது. மதுவை அறவே தவிர்க்க வேண்டும். அதுவும் காபா ஏற்பிகளிலேயே கைவைப்பதால், மாத்திரை குறைந்த இடத்தை மது நிரப்பிவிடும், சேர்த்து எடுத்தால் மூச்சே அடங்கலாம். காப்பியைக் காலையோடு நிறுத்திக்கொள்ளலாம். கும்பகோணத்துக்காரர்களுக்கு மாத்திரையை விடுவதைவிட இது கடினமாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எண்ணங்களையும் நடத்தையையும் திருத்தப் பயிற்றுவிக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உடன் நடந்தால் குறைப்பு எளிதாகிறது. வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி, "இன்னும் எத்தனை நாள் இழுப்பாய்?" என்று கேட்காமல் இருப்பது.

முன்பு வலிப்பு வந்தவர்கள், மது அருந்துபவர்கள், மிக உயர்ந்த அளவில் எடுப்பவர்கள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கான திட்டத்தை மனநல மருத்துவரே நேரில் வகுக்க வேண்டும். சிலருக்கு மருத்துவமனையில் தங்குவதும் தேவைப்படும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

வலிப்பு, ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாத உருவமோ குரலோ தோன்றுதல், தற்கொலை எண்ணம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். ஏற்கெனவே ஒரே நாளில் நிறுத்திவிட்டு நடுக்கத்தோடு இருப்பவரும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்தை மீண்டும் தொடங்கி, பிறகு மெல்லக் குறைப்பதுதான் பெரும்பாலும் அவர் சொல்லப்போவது.

ஐப்பசிக்கு முன் ஒரு வேலை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, பல ஊர்களில் மின்சாரமும் சாலையும் நாள்கணக்கில் இல்லை, கடைகள் திறக்கவில்லை. இந்த மாத்திரையை எடுக்கும் ஒருவருக்கு அட்டை தீர்ந்துபோவதும், யாரும் திட்டமிடாத திடீர் நிறுத்தமே. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், நடப்புக் குறைப்பு அட்டவணையை மருத்துவரிடம் காட்டி, இரண்டு வாரத்துக்குக் குறையாத இருப்பைச் சீட்டோடு வாங்கி, ஈரம் படாத டப்பாவில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அட்டவணையின் ஒரு நகலும் அதே டப்பாவுக்குள் இருக்கட்டும். புயல் நிவாரண முகாமில் பார்க்கும் மருத்துவர், நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதை அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்.